"நீங்களே பாத்து சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லும் நோயாளியை முடிவில் பங்கெடுக்க வைப்பது எப்படி?

ஆலோசனை_மேசை எழுதியது:

வணக்கம். புறநோயாளர் பிரிவில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலை என்னுடையது. ஒன்றுக்கு மேற்பட்ட நியாயமான சிகிச்சை வழி இருக்கும் நோய்களைப் பற்றித்தான் இந்தக் கேள்வி: ஆரம்பநிலை மார்பகப் புற்று, மூட்டுத் தேய்மானம், மருந்தில் கட்டுப்படும் நெஞ்சுவலி, மெதுவாக வளரும் புரோஸ்டேட் புற்று போன்றவை.

டாக்டர் ஒருவருக்கு ஒதுக்க முடிவது பத்து நிமிடம். துண்டறிக்கை கொடுக்கிறோம். டாக்டர் விளக்குகிறார். கடைசியில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்கிறோம். "இல்லைங்க, நீங்க சொன்னா சரி" என்று பதில் வருகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் ஆகிவிடுகிறது. அறையை விட்டு வெளியே வந்ததும் அவரே செவிலியரிடம் "ஆபரேஷன் பண்ணாம இருக்க முடியாதாம்மா?" என்று கேட்கிறார். உள்ளே டாக்டர் அதற்குத்தான் இரண்டு நிமிடம் பதில் சொல்லியிருப்பார்.

தகவல் கொடுப்பதில் நாங்கள் குறை வைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. பிறகு எங்கே நழுவுகிறது? பத்து நிமிடத்துக்குள் செய்யக்கூடியதாக, எந்த வாக்கியத்தை எப்போது சொல்வது என்கிற அளவுக்கு யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். கூட்டத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட விரும்பவில்லை.


உரையாடல்_பயிற்சி எழுதியது:

வரிசையில்தான் நழுவுகிறது. தேர்ந்தெடுக்க ஏதோ இருக்கிறது என்பதையே சொல்லாமல் தகவலைக் கொடுத்தால், டாக்டர் முன்பே எடுத்துவிட்ட முடிவுக்கு விளக்கம் சொல்கிறார் என்றுதான் நோயாளி எடுத்துக்கொள்வார். முடிந்துபோன விஷயத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மருத்துவ ஆய்வாளர் கிளின் எல்வினும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் முன்வைத்து 2017-இல் திருத்திய முறை ஒன்று இருக்கிறது. உரையாடலை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து முடிவெடுக்கப் போகிறோம் என்று சொல்வது, வழிகளை ஒப்பிட்டுப் பேசுவது, அவருக்கு எது முக்கியம் என்று கேட்டு முடிவுக்கு வருவது. பெரும்பாலான அறைகளில் நடுப்பகுதி மட்டும்தான் நடக்கிறது. முதலும் கடைசியும் விடுபடுகின்றன. உங்கள் பிரிவிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதல் பகுதிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கிட்டத்தட்ட இப்படி: "உங்க நோய்க்கு ரெண்டு மூணு நல்ல வழி இருக்கு. மருத்துவத்தை மட்டும் வெச்சு இதுதான் பெஸ்ட்னு சொல்ல முடியாது. உங்களுக்கு எது முக்கியம்ங்கறதைப் பொறுத்து அது மாறும். அதனால சேர்ந்து பேசி முடிவு பண்ணலாம்." நடுவில் இருக்கும் காரணத்தை விட்டுவிடக் கூடாது. காரணம் சொல்லாமல் "நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றால், டாக்டருக்கே தெரியவில்லை போலிருக்கிறது அல்லது கை கழுவுகிறார் என்று நோயாளி பயப்படுவார். "உங்க இஷ்டம்" என்ற சொல்லை அறையிலேயே தடைசெய்யலாம். அதைக் கேட்டவர் தனியாக விடப்பட்டதாகத்தான் உணர்வார்.

அடுத்து வழிகள். முதலில் எல்லா வழிகளின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். "மூணு வழி: இப்போதைக்கு எதுவும் செய்யாம கண்காணிக்கறது, மாத்திரையும் பயிற்சியும், இல்லைன்னா ஆபரேஷன்." விளக்கம் அதற்குப் பிறகுதான். முதல் வழியையே நான்கு நிமிடம் விளக்கினால் அதுதான் டாக்டரின் விருப்பம் என்று நோயாளி முடிவுகட்டிவிடுகிறார், மீதி எதுவும் காதில் ஏறாது. எதுவும் செய்யாமல் காத்திருப்பதையும் ஒரு வழியாகப் பெயர் சொல்லிப் பட்டியலில் வைக்க வேண்டும். உங்கள் நோயாளி வெளியே வந்து செவிலியரிடம் கேட்டது அந்த வழியைத்தான். விளக்கத் தொடங்கும் முன் "இதைப் பத்தி ஏற்கெனவே என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால், தெரிந்ததை மறுபடி சொல்லும் நேரம் மிச்சமாகும். தவறாகக் கேள்விப்பட்டதும் அப்போதே வெளிவரும்.

மூன்றாவது பகுதியில் எல்லோரும் இடறும் இடம் "உங்களுக்கு எது முக்கியம்?" என்ற கேள்வி. அப்படிப் பொதுவாகக் கேட்டால் "உடம்பு சரியாகணும்" என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பாகக் கேளுங்கள். "இந்த வலியால இப்ப எதைச் செய்ய முடியாம இருக்கீங்க?" "அடுத்த மூணு மாசத்துல தள்ளிப்போட முடியாத வேலை ஏதாவது இருக்கா?" "இந்தப் பக்கவிளைவுகள்ல எது வந்தா உங்களால பொறுத்துக்கவே முடியாது?" அதே மூட்டுவலிதான், ஆனால் மாடி ஏற முடிந்தால் போதும் என்பவருக்கும் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும் என்பவருக்கும் ஆலோசனை ஒன்றாக இருக்காது. செயற்கை மூட்டு வைத்த பிறகு முட்டியை முழுதாக மடக்குவது பலருக்கு முடிவதில்லை, இரண்டாமவருக்கு அதை முன்பே சொல்லியாக வேண்டும்.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நோயாளி வந்த காரணத்தைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 11 விநாடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று அமெரிக்காவில் பதிவுசெய்த உரையாடல்களை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. 1984-இல் வந்த ஓர் ஆய்வில் அது 18 விநாடி.

பத்து நிமிடத்தை ஒன்று, நான்கு, மூன்று, இரண்டு என்று பிரிக்கிறேன்: தொடக்கம், வழிகள், முக்கியமானது எது, அடுத்த படி. துண்டறிக்கை டாக்டரைப் பார்க்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். பார்த்த பிறகு கொடுப்பது வீண். முடிவெடுக்க உதவும் இத்தகைய ஏடுகளைப் பற்றி 209 ஆய்வுகளைத் தொகுத்த மறுஆய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2024-இல் வெளியிட்டது. முன்கூட்டியே படிக்கக் கொடுத்தால் சந்திப்பு நேரம் கூடுவதில்லை, அறைக்குள் வைத்துப் பயன்படுத்தினால் சுமார் ஒன்றரை நிமிடம் கூடுகிறது என்று அதில் இருக்கிறது. நேரம் இல்லை என்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

எல்லா இடத்திலும் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாரடைப்போடு வந்தவரிடமோ இரத்தத்தில் கிருமி பரவி இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவரிடமோ மூன்று வழிகளை விரித்து வைப்பது கொடுமை. ஒரே ஒரு நியாயமான வழிதான் இருக்கிறது என்றால் அதைத் தெளிவாகச் சொல்லி, காரணம் சொல்லி, சம்மதம் கேட்பதுதான் நேர்மை. அதற்காக அவசரப் பிரிவு என்றாலே பேச்சுக்கு இடமில்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடல்வால் அழற்சியையே பாருங்கள். 1552 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பதில் நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 29 பேருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. குடல்வாலுக்குள் கல்போல் இறுகிய மலம் இருந்தவர்களில் அது 41, இல்லாதவர்களில் 25. ஒரு வருடத்தில் மொத்தம் சுமார் 40 ஆனது. "இப்ப ஆபரேஷன் வேண்டாம், பிறகு தேவைப்பட்டால் செய்துகொள்கிறேன்" என்பவரும் "ஒரேயடியாக முடித்துவிடுங்கள்" என்பவரும் இதே எண்களைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். இரண்டும் நியாயமான முடிவுதான்.


புள்ளிக்கணக்கு எழுதியது:

மேலே சொன்னதில் "வழிகளை ஒப்பிடுவது" என்ற நான்கு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நல்ல மனதோடு பேசும் டாக்டர்களும் எண்கள் வந்ததும் அங்கே நோயாளியைத் தெரியாமலே ஒரு பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

"இந்த மாத்திரை மாரடைப்பு ஆபத்தை 25 சதவீதம் குறைக்கும்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொய் இல்லை, ஆனால் அதை வைத்து யாராலும் முடிவெடுக்க முடியாது. எதில் 25 சதவீதம்? கணக்குக்காக இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். முதலாமவரைப் போன்ற 100 பேரில் அடுத்த 10 வருடத்தில் 20 பேருக்கு மாரடைப்பு வரும். மாத்திரை அதை 15 ஆக்குகிறது. இரண்டாமவரைப் போன்ற 100 பேரில் 4 பேருக்கு வரும். மாத்திரை அதை 3 ஆக்குகிறது. இரண்டுமே "25 சதவீதம்"தான். முதல் கூட்டத்தில் 5 பேருக்குப் பலன், இரண்டாவதில் ஒருவருக்கு. தினமும் மாத்திரை போடுவதை வெறுக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாமே.

அதனால் ஒரே அச்சில் சொல்லுங்கள்: "உங்களை மாதிரி 100 பேர், 10 வருஷம். மாத்திரை இல்லாம 20 பேருக்கு மாரடைப்பு வரும், 80 பேருக்கு வராது. மாத்திரை எடுத்தா 15 பேருக்கு வரும், 85 பேருக்கு வராது." பிறகு அதையே உடைத்துக் காட்டுங்கள்: 80 பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் வந்திருக்காது, 15 பேருக்கு எடுத்தும் வரும், 5 பேர் மாத்திரையால் தப்புகிறார்கள். நீங்கள் அந்த 5 பேரில் ஒருவரா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை வெளிப்படையாகச் சொன்னால் நோயாளி டாக்டரை நம்பாமல் போவார் என்ற பயம் வேண்டாம்.

பத்துக்குப் பத்து கட்டம் போட்ட ஒரு தாளில் 100 மனித உருவம் அச்சடித்து வைத்துக்கொண்டு, பேனாவால் 5 பேரை ஒரு நிறத்திலும் 15 பேரை வேறு நிறத்திலும் அவர் கண்முன்னே தீட்டுவது நல்லது. நிறம் தீட்டிய உருவங்கள் பக்கம் பக்கமாக இருக்கட்டும். தாறுமாறாகச் சிதறியிருந்தால் கண் எண்ணிக்கையைத் தவறாக மதிப்பிடுகிறது. தீமைக்கும் அதே 100 பேர் கட்டம்தான். பலனை "100-க்கு 5" என்றும் பக்கவிளைவை "1000-க்கு 8" என்றும் சொன்னால், பலருக்கு 8 என்ற எண் பெரிதாகத் தெரிந்து பக்கவிளைவுதான் அதிகம் என்று பதிந்துவிடும். கீழ் எண்ணை மாற்றவே கூடாது. "25-இல் ஒருவர், 200-இல் ஒருவர்" என்ற வடிவமும் இதே காரணத்தால் ஆபத்து. எண் பெரிதாக இருப்பதால் 200 என்பதுதான் அதிக ஆபத்து என்று படிப்பவர்கள் ஏராளம்.

வெற்றியையும் தோல்வியையும் சேர்த்தே சொல்லுங்கள். நுரையீரல் புற்றுக்கு அறுவையா கதிர்வீச்சா என்று கேட்டு 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், "இத்தனை பேர் பிழைப்பார்கள்" என்று சொன்னபோது அறுவையைத் தேர்ந்தவர்கள் கூடுதல், அதே எண்ணை "இத்தனை பேர் இறப்பார்கள்" என்று திருப்பிச் சொன்னபோது குறைவு. கேட்கப்பட்டவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள், அவர்களும் அப்படியே மாறினார்கள். "90 பேர் நல்லா இருப்பாங்க, 10 பேருக்கு இது வரும்" என்று இரண்டையும் சொல்லிவிட்டால் சாய்வு பெருமளவு போய்விடும்.

"அரிதாக", "பொதுவாக" என்ற சொற்களை எண் இல்லாமல் விடாதீர்கள். ஐரோப்பிய மருந்துத் தாள்களில் "பொதுவானது" என்றால் 100-க்கு 1 முதல் 10 பேர் வரை. படிப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு நினைத்துக்கொள்கிறார்கள். வெறும் சதவீதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. "தாம்பத்தியத்தில் பிரச்சினை வர 30 சதவீதம் வாய்ப்பு" என்றால் டாக்டர் நினைப்பது 100 நோயாளியில் 30 பேர். நோயாளி நினைப்பது தன் வாழ்க்கையில் பத்துக்கு மூன்று தடவை. "யாரில் எத்தனை பேர், எத்தனை காலத்தில்" என்று முடித்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

எண்ணை ஒரு பக்கமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம் 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரை இரத்த உறைவு ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்று அரசுக் குழு எச்சரித்தது. உண்மையில் 7000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இருவருக்கு வந்தது, அவ்வளவுதான். பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிட்டார்கள். கருவுற்றாலே உறைவு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். "7000-க்கு ஒருவர் கூடுதல்" என்று அன்றே சொல்லியிருக்கலாம்.


துணைக்கு_வருபவர் எழுதியது:

நோயாளி பக்கத்திலிருந்து பார்த்தால், பங்கெடுப்பது அறைக்குள் நுழையும் முன்பே தொடங்கிவிடுகிறது. நோயாளி ஆலோசகர் காத்திருப்புக் கூடத்தில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். மூன்று கேள்வியை முன்கூட்டியே அச்சடித்திருந்தால் போதும்: எனக்கு என்னென்ன வழி இருக்கிறது, காத்திருப்பதும் சேர்த்து? ஒவ்வொன்றாலும் வரக்கூடிய நன்மை தீமை என்ன? அவை எனக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு? ஆஸ்திரேலியாவில் நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பி இந்த மூன்றையும் கேட்க வைத்துப் பார்த்தார்கள், 2011-இல் முடிவு வெளியானது. கேள்வி கேட்கப்பட்ட டாக்டர்கள் கூடுதலான, தரமான தகவலைக் கொடுத்தார்கள். மூன்றாவது கேள்வியில் "எனக்கு" என்ற சொல்தான் உயிர். வயது, சர்க்கரை, ஏற்கெனவே எடுக்கும் மருந்து என்று பொதுக் கணக்கை அந்த ஆளுக்குப் பொருத்திப் பார்க்க டாக்டரை அதுதான் இழுக்கிறது.

அந்தத் தாளில் நோயாளியின் சொந்தக் கேள்விக்கும் இரண்டு வரி காலியாக விடுங்கள், இரண்டுக்கு மேல் வேண்டாம். பத்துக் கேள்வி எழுதி வந்தவர் முதல் நான்கைக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும், அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி பத்தாவதாக இருக்கும். "இதுல ஒண்ணுக்குத்தான் பதில் கிடைக்கும்னா எது வேணும்?" என்று கேட்டு அதை மேலே ஏற்றுங்கள். அறைக்குள் போனதும் தாளை டாக்டர் மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லுங்கள். சட்டைப்பைக்குள் இருக்கும் தாளை யாரும் எடுப்பதில்லை.

எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாம் பட்டியலாக இருக்கட்டும். நாட்டு மருந்து, கடையில் நேராக வாங்கும் வலி மாத்திரை, நிறுத்திவிட்ட மருந்தும் நிறுத்திய காரணமும் அதில் வர வேண்டும். "இந்த மாத்திரை ஒத்துக்கலை" என்று இரண்டு வருடம் முன்பே நிறுத்தியதைச் சொல்லாமல் விட்டால், டாக்டர் அதன் அளவைக் கூட்டித்தான் எழுதுவார்.

சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்று மருத்துவ நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. கெட்ட செய்தி கேட்ட நிமிடத்துக்குப் பிறகு சொன்னவை இன்னும் மோசமாக மறக்கும். அனுமதி கேட்டு செல்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். "வீட்ல போய் மறுபடி கேட்டுப் புரிஞ்சுக்கறேன், பதிவு பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது. மறைத்துப் பதிவு செய்து மாட்டிக்கொண்டால் நம்பிக்கை இரண்டு பக்கமும் கெடும். கூட வருபவருக்கு ஒரே வேலை கொடுங்கள், எழுதுவது. அவர் வாய் திறப்பது நோயாளி பேசி முடித்த பிறகு.

கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று விடுபவர்கள், காது கேட்காமல் தலையாட்டியவரைச் சம்மதித்தவர் என்று எழுதிவிடுகிறார்கள்.


ஆலோசனை_மேசை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 100 பேர் கட்டமும் மூன்று கேள்வித் தாளும் நாளைக்கே அச்சுக்குப் போகும்.

இரண்டு இடம் இன்னும் தெளிவாகவில்லை. ஒன்று, இவ்வளவும் செய்த பிறகும் "நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்று கேட்பவர். அதற்குப் பதில் சொல்வதா கூடாதா? இரண்டு, நோயாளியிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மகனோ கணவரோ பதில் சொல்லும் நிலை. இரண்டாவதில் எங்கள் டாக்டர்களே தயங்குகிறார்கள், குடும்பத்தைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை.


உரையாடல்_பயிற்சி எழுதியது:

பதில் சொல்ல வேண்டும். "அதை நான் சொல்லக் கூடாது" என்று நழுவுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. டாக்டரின் அனுபவத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. ஆனால் பதிலுக்கு முன் ஒரு படி இருக்கிறது: "சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்களைப் பத்தி ஒண்ணு தெரியணும். நீங்க ரொம்பப் பயப்படறது எதுக்கு, நோய் திரும்ப வர்றதுக்கா, ஆபரேஷனுக்கா?" அந்தப் பதில் கிடைத்த பிறகு, "நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா இந்த வழி உங்களுக்குப் பொருந்தும்னு நினைக்கறேன், ஏன்னா…" என்று முடிக்கலாம். "நான்னா இதைச் செய்வேன்" என்று தன் விருப்பத்தைத் தூக்கி வைப்பதும் இதுவும் வேறு வேறு. டாக்டருக்கு வலி தாங்கும் சக்தி, வேலை, வயது, வீட்டு நிலைமை எல்லாமே வேறு.

முடிவை டாக்டரிடமே விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், மதிக்க வேண்டும். கடைசிச் சொல்லை ஒப்படைத்தாலும் தனக்கு எது முக்கியம் என்பதை அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அது தெரியாமல் டாக்டர் எடுக்கும் முடிவு, ஸ்கேன் பார்க்காமல் எடுக்கும் முடிவுக்குச் சமம். மேலும், "நீங்களே சொல்லுங்க" என்பதை முதல் நிமிடத்தில் கேட்டால் நம்பாதீர்கள். வழிகள் என்னென்ன என்று தெரியாதவர் சொல்வது அது. எல்லாம் கேட்ட பிறகு மறுபடி கேளுங்கள், பலர் மாற்றிச் சொல்வார்கள்.

குடும்பம். உட்காரும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். டாக்டருக்கு நேர் எதிர் நாற்காலி நோயாளிக்கு, மகன் பக்கத்தில். முதல் கேள்வி நோயாளியின் முகத்தைப் பார்த்து: "உங்க உடம்பைப் பத்தி யார் முன்னாடி பேசலாம், யார் முடிவு பண்ணணும்னு நீங்க நினைக்கறீங்க?" "எல்லாம் என் பையன்தான்" என்றால் சரி, அவரே கொடுத்த இடம் அது. இல்லை என்றால் மகன் குறுக்கிடும்போது, "நீங்க கவனிச்சது ரொம்ப உதவியா இருக்கு தம்பி, அதைக் கடைசியில கேக்கறேன். அம்மா, நீங்க சொல்லுங்க" என்று திருப்பிவிடலாம். மகனுக்கு மரியாதையும் குறையவில்லை. பரிசோதனைப் படுக்கைக்குப் பின்னால் திரை போட்டிருக்கும் இரண்டு நிமிடம், கேட்க வேண்டியதைத் தனியாகக் கேட்கக் கிடைக்கும் இயல்பான வாய்ப்பு.

மொழி தெரியாத நோயாளிக்கு வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். புற்று என்ற சொல்லையோ கருப்பை பற்றிய கேள்வியையோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மாவிடம் சொல்லாது. அதை விட்டுவிட்டு மீதியைச் சொல்லும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.


கேஸ்ஷீட் எழுதியது:

நல்ல உரையாடல் நடந்தும் அடுத்த வாரம் பணியில் இருக்கும் வேறொரு டாக்டர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிரச்சினை. காரணம், கோப்பில் "விளக்கப்பட்டது, சம்மதம் பெறப்பட்டது" என்று மட்டும் இருக்கும். ஐந்து வரி போதும். பேசிய வழிகள் எவை. சொன்ன எண்கள் எவை. நோயாளி முக்கியம் என்று சொன்னது, அவர் சொற்களிலேயே. எடுத்த முடிவு, அல்லது "இன்னும் முடிவாகவில்லை". எந்தத் தேதிக்குள், யார் மறுபடி பேசுவது. மாதிரி: "மார்பகம் காக்கும் அறுவையும் கதிர்வீச்சும், அல்லது மார்பக நீக்கம், இரண்டும் பேசப்பட்டன. 'தினம் தினம் கதிர்வீச்சுக்கு வந்து போக முடியாது, கூட வர ஆள் இல்லை' என்கிறார். நீக்கத்தின் பக்கம் சாய்கிறார். மகளிடம் பேச ஒரு வாரம் கேட்டார். வியாழன் மறுசந்திப்பு." இதைப் படிக்கும் எந்த டாக்டரும் முதலிலிருந்து தொடங்க மாட்டார். கூட வர ஆள் இல்லை என்பது தீர்க்கக்கூடிய சிக்கலா என்றும் ஒருவர் யோசிப்பார். தீர்ந்துவிட்டால் முடிவே மாறலாம்.

அந்த நோய்க்கே ஒரு பக்க ஒப்பீட்டுத் தாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலே இரண்டு வழியும் பக்கம் பக்கமாக. இடது ஓரத்தில் நோயாளிகள் உண்மையில் கேட்கும் கேள்விகள், ஆறிலிருந்து எட்டு. என்ன அகற்றப்படும்? உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு உண்டா? (20 வருடம் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வுகளில் இல்லை.) அதே மார்பில் திரும்ப வர வாய்ப்பு? (காக்கும் அறுவையோடு கதிர்வீச்சும் எடுத்தவர்களில், அவற்றில் ஓர் ஆய்வில், 20 வருடத்தில் 100-க்குச் சுமார் 14. கதிர்வீச்சு எடுக்காதவர்களில் சுமார் 39. சிகிச்சை முறைகள் முன்னேறியிருப்பதால் இன்று இவை குறைவு.) இரண்டாவது அறுவை தேவைப்படுமா? கதிர்வீச்சு எத்தனை வாரம்? கீமோ தேவையா என்பது இந்தத் தேர்வைப் பொறுத்ததா? (இல்லை, கட்டியின் தன்மையைப் பொறுத்தது. பலர் மார்பை முழுதும் எடுத்துவிட்டால் கீமோ வேண்டாம் என்று நினைத்து நீக்கத்தைத் தேர்கிறார்கள், அதனால் இந்த வரி கட்டாயம்.) பார்க்க எப்படி இருக்கும்? இரண்டாவது அறுவை, தொற்று இரண்டுக்கும் உங்கள் பிரிவின் சொந்தக் கணக்கைப் போடுங்கள். வெளியூர் மருத்துவமனையின் எண் உங்கள் நோயாளிக்குப் பொருந்தாது.

தாளில் எழுதக் கூடாதவை: "சிறந்த", "நவீன", "எளிய" போன்ற அடைமொழிகள். ஒரு வழிக்கு ஐந்து நன்மை, மற்றதற்கு இரண்டு என்று எண்ணிக்கை சமமில்லாமல் இருப்பதும் சாய்வுதான். அச்சுக்குப் போகும் முன் அந்த நோயை அறியாத ஐந்து பேரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் சொல்லை மாற்றுங்கள்.

புரிந்ததா என்று சோதிப்பது பற்றி. "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் சரியா விளக்கினேனான்னு எனக்குத் தெரியணும். வீட்ல கேட்டா இந்த ரெண்டு வழியையும் எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். பரீட்சை டாக்டருக்கு, நோயாளிக்கு அல்ல என்பது தொனியிலேயே தெரிய வேண்டும். தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாக விளக்கி மறுபடி கேட்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவை கேட்பதைவிட, இரண்டு மூன்று விஷயத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கேட்பது எளிது.

முடிவோடு வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க நான்கே கேள்வி கொண்ட ஒரு சோதனை உண்டு, கனடாவின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டது. எது உங்களுக்குச் சிறந்தது என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா? ஒவ்வொரு வழியின் நன்மை தீமை தெரியுமா? அவற்றில் எது உங்களுக்கு முக்கியம் என்று தெளிவா? முடிவெடுக்கப் போதுமான ஆதரவும் ஆலோசனையும் இருக்கிறதா? நான்குக்கும் ஆம் வந்தால்தான் சரி. ஒன்று இல்லை என்றாலும் எங்கே ஓட்டை என்று அந்தக் கேள்வியே காட்டிக்கொடுக்கும். டாக்டர் அறை வாசலில் நீங்களே ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம்.


ஆலோசனை_மேசை எழுதியது:

இந்த நான்கு கேள்வியை எங்கள் மேசையிலேயே வைத்துவிடுகிறோம். "இல்லை" வந்தால் அன்றே டாக்டரிடம் திரும்ப அனுப்ப ஒரு வழி செய்ய வேண்டும், அதைத் துறைத்தலைவரிடம் பேசுகிறேன். கடைசியாக ஒன்று: எல்லாம் புரிந்த பிறகும் டாக்டர் வேண்டாம் என்று நினைக்கும் வழியை நோயாளி தேர்ந்தால்?


உரையாடல்_பயிற்சி எழுதியது:

அந்த வழி முதலிலேயே பட்டியலில் இருந்த நியாயமான ஒன்று என்றால், மாற்றுக் கருத்தை ஒரு முறை, காரணத்தோடு, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். "எனக்கு இது பத்தி ஒரு கவலை இருக்கு, சொல்லிடறேன்." பிறகு அவர் சொன்ன முடிவோடு சேர்ந்து நில்லுங்கள். எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், எத்தனை வாரத்தில் மறுபடி பார்ப்போம், எந்த நிலை வந்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். "அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்ற தொனி துளியும் வரக் கூடாது. அப்படி அனுப்பப்பட்டவர் கட்டி வளர்ந்த பிறகும் வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுவார்.

பட்டியலிலேயே இல்லாத, தீங்கு மட்டுமே செய்யும் சிகிச்சையைக் கேட்கிறார் என்றால் டாக்டர் அதைச் செய்யக் கட்டுப்பட்டவர் அல்ல. ஆனால் ஏன் கேட்கிறார் என்று கேளுங்கள். சளிக்கு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் தாய்க்குப் பெரும்பாலும் வேண்டியிருப்பது, குழந்தைக்கு நிமோனியா இல்லை என்ற உறுதி. நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, மூச்சை எண்ணிக் காட்டி, "நிமிஷத்துக்கு இத்தனையோ அதுக்கு மேலயோ போனா ராத்திரியானாலும் கொண்டு வாங்க" என்று அந்த வயதுக்கான எண்ணைச் சொல்லுங்கள்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. குழந்தை அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணும் முறையை அவரையே ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்.